பிளேயர் வாங்கக் கடைக்குப் போகும் முன்: கொள்ளளவு, அளவு, விலை மூன்றையும் எடை போடும் முறை

கடையில் எம்பி3 பிளேயர் கேட்டால் முதலில் வந்து விழுவது ஜிபி கணக்குதான். "இது 16, இது 32, இது 64" என்று வரிசையாக எடுத்து வைப்பார்கள். விலையும் கூடவே ஏறும். அந்த வரிசையிலேயே நாமும் யோசித்தால் பணம் தவறான இடத்துக்குப் போய்விடும். ஒரு பிளேயரின் தரத்தைத் தீர்மானிப்பது நினைவகம் இல்லை. நாள் முழுக்கத் தாங்கும் பேட்டரி, பைக்குள் கை விட்டாலே விரலுக்குத் தட்டுப்படும் பொத்தான், இரைச்சல் இல்லாத ஹெட்போன் துளை, தமிழ் எழுத்தைச் சிதைக்காத திரை: காசு கேட்பவை இவை. வாங்கிய பிறகு மாற்ற முடியாதவையும் இவையே. கொள்ளளவு குறைந்தால் கார்டு போட்டுக்கொள்ளலாம். மோசமான பொத்தானுக்கு மாற்று கிடையாது.

அதனால் கொள்ளளவுக் கணக்கை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். கடையில் மற்றவற்றைப் பாருங்கள்.

1. பாட்டை எண்ண வேண்டாம், நிமிடத்தை எண்ணுங்கள்

16 ஜிபி பிளேயரின் பெட்டியில் "4,000 பாடல்கள்" என்று போட்டிருந்தால், அது நான்கு நிமிடப் பாட்டு, 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) என்று வைத்துப் போட்ட கணக்கு. நம் சினிமாப் பாட்டு நாலரை, ஐந்து நிமிடம் ஓடும். ஒரு கச்சேரிப் பதிவு இரண்டரை மணி நேரம் போகும். பட்டிமன்றமோ வில்லுப்பாட்டோ அதே மாதிரிதான். ஆகவே நிமிடக் கணக்கு ஒன்றே நம்பக்கூடியது.

பிட்ரேட்டை, அதாவது அந்தக் கேபிபிஎஸ் எண்ணை, 8 ஆல் வகுத்து, 60 ஆல் பெருக்கி, 1,000 ஆல் வகுத்தால் ஒரு நிமிடத்துக்கு எத்தனை எம்பி என்பது வந்துவிடும்.

- 128 கேபிபிஎஸ் எம்பி3: நிமிடத்துக்கு 0.96 எம்பி
- 192 கேபிபிஎஸ்: 1.44 எம்பி
- 320 கேபிபிஎஸ்: 2.4 எம்பி
- சுருக்காத சிடி ஒலி, அதாவது 1,411 கேபிபிஎஸ்: சுமார் 10.6 எம்பி
- அதே சிடி ஒலி, எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில்: இசையைப் பொறுத்து 5 முதல் 7 எம்பி

ஃபிளாக் மட்டும் ஏன் ஒரே எண்ணாக இல்லை? ஒலியில் எவ்வளவு அடர்த்தி இருக்கிறதோ அவ்வளவு இடம் பிடிக்கும். தம்புராவும் ஒற்றைக் குரலும் மட்டும் ஓடும் ஆலாபனை நன்றாகச் சுருங்கும். டிரம்ஸ், சிந்தசைசர், கோரஸ் எல்லாம் சேர்ந்து உச்ச ஒலியில் கலக்கப்பட்ட பாட்டு அவ்வளவாகச் சுருங்காது. பழைய கேசட்டிலிருந்து எடுத்த பதிவும் அப்படியே. நாடாவின் "ஸ்ஸ்" இரைச்சல் எளிதில் சுருங்காது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1,500 சினிமாப் பாடல்கள், சராசரி நாலரை நிமிடம், 320 கேபிபிஎஸ்: 1,500 × 4.5 × 2.4 = 16,200 எம்பி. கூடவே 40 கச்சேரிகள், ஒவ்வொன்றும் 150 நிமிடம், 192 கேபிபிஎஸ்: 40 × 150 × 1.44 = 8,640 எம்பி. இரண்டும் சேர்ந்து 24.8 ஜிபி. 32 ஜிபி கார்டில் அடங்கிவிடும். ஆனால் மீதி 7 ஜிபிதான். சேர்த்துக்கொண்டே போகிறவர் 64 எடுப்பது நல்லது. அதே 1,500 பாடல்களையும் ஃபிளாக்காக வைத்தால் நிமிடத்துக்கு 7 எம்பி வீதம் 47 ஜிபி. கச்சேரிகளையும் ஃபிளாக்காகச் சேர்த்தால் 75 ஜிபியைத் தாண்டும். அப்போது 128 ஜிபி கார்டு வேண்டும். எப்படிப் பார்த்தாலும் 256, 512 எல்லாம் இந்தத் தொகுப்புக்குத் தேவையே இல்லை.

கணினியில் 32 ஜிபி கார்டைச் செருகினால் 29.8 என்றுதான் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1,024-இன் மடங்குகளில் கணக்கிடுகிறது. பிளேயரின் உள் நினைவகத்தில் மட்டும் இன்னொரு கழிவு உண்டு: அதன் மென்பொருளும் அங்கேதான் குடியிருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஓடும் பிளேயரில் இந்தக் கழிவு பல ஜிபிக்குப் போகும். "உள் நினைவகம் 32" என்பதை 32 ஜிபி பாட்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2. ஃபிளாக் உங்களுக்குத் தேவையா?

கொள்ளளவை இரண்டு, மூன்று மடங்காக்கும் முடிவு இது. எனவே நேராகவே சொல்கிறோம். பேருந்திலும் நடைப்பயிற்சியிலும் கேட்பவருக்கு 320 கேபிபிஎஸ் எம்பி3 போதும். அந்தச் சத்தத்தில் வித்தியாசம் காதுக்கு எட்டாது. புளூடூத் இயர்போன் பயன்படுத்துபவருக்கு இது இன்னும் உறுதி. எல்லாக் கருவியிலும் இருக்கும் எஸ்பிசி என்ற முறை, வழக்கமான உயர்தர அமைப்பிலேயே சுமார் 328 கேபிபிஎஸ்தான் அனுப்புகிறது. கார்டில் ஃபிளாக் இருந்தாலும் காதுக்கு வரும் முன் அது மறுபடி சுருக்கப்பட்டுவிடும். எல்டிஏசி என்ற இன்னொரு புளூடூத் முறை 990 வரை போகும். ஆனால் பிளேயர், இயர்போன் இரண்டிலும் அது இருக்க வேண்டும்.

வீட்டில் அமைதியாக உட்கார்ந்து கம்பி வைத்த நல்ல ஹெட்போனில் கேட்பவரும், தன் சிடிக்களைக் காலத்துக்கும் காப்பாற்ற நினைப்பவரும் ஃபிளாக் வைக்கட்டும். ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: ஏற்கெனவே 128-இல் இருக்கும் எம்பி3-ஐ ஃபிளாக்காக மாற்றுவது. சுருக்கும்போது தூக்கி எறிந்த ஒலி திரும்பி வராது. கோப்பு மட்டும் ஐந்தாறு மடங்கு பெருக்கும்.

இன்னொரு கேள்வியையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டெல்லாம் ஸ்ட்ரீமிங் செயலிக்குள் "டவுன்லோடு" ஆகியிருப்பவையா? அவை பூட்டிய கோப்புகள். அந்தச் செயலிக்கு வெளியே ஓடாது. கார்டில் போட்டுச் சாதாரணப் பிளேயரில் கேட்க முடியாது. அப்படிப்பட்டவருக்குச் செயலி நிறுவக்கூடிய ஆண்ட்ராய்டு பிளேயர் ஒன்றே வழி. விலை அங்கேயே பல மடங்கு ஏறிவிடும்.

3. கார்டுத் துளை: எந்தக் கார்டு வரை?

உள் நினைவகம் மட்டும் உள்ள பிளேயரைவிடக் கார்டுத் துளை உள்ளதே மேல். கொள்ளளவு கூடிய மாடலுக்கு நிறுவனம் கேட்கும் கூடுதல் தொகைக்குப் பெரும்பாலும் அதைவிடப் பெரிய கார்டே வாங்கிவிடலாம். பிளேயர் பழுதானாலும் பாட்டு கார்டோடு பிழைத்துக்கொள்ளும்.

துளை இருந்தால் மட்டும் போதாது. கார்டுகளில் இங்கே தெரிய வேண்டியவை மூன்று தலைமுறை: 2 ஜிபி வரை எஸ்டி, 32 ஜிபி வரை எஸ்டிஎச்சி, அதற்கு மேல் 2 டிபி வரை எஸ்டிஎக்ஸ்சி. எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மேட்டில், அதாவது கோப்புகளை அடுக்கும் முறையில், வரும். "32 ஜிபி வரை" என்று எழுதியிருக்கும் பல பிளேயர்களுக்கு 64 ஜிபி கார்டின் கொள்ளளவு தடையில்லை. எக்ஸ்ஃபேட்டைப் படிக்கத் தெரியாததுதான் தடை. அந்தக் கார்டைப் பழைய முறையான ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்தால் பல நேரம் ஓடிவிடும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் சாளரம் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32-ஐக் காட்டாது; ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருளில் செய்யலாம். ஃபார்மேட் செய்தால் கார்டில் உள்ளது முழுதும் அழியும் என்பது நினைவிருக்கட்டும். "பல நேரம்" என்றுதான் சொன்னோம்; எல்லா மாடலிலும் நடக்காது. எனவே கடையிலேயே சோதித்துவிடுங்கள்.

கார்டின் வேகத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். சுருக்காத சிடி ஒலிக்கே நொடிக்கு 0.18 எம்பிதான் வேண்டும். 4கே வீடியோவுக்கான வேகக் கார்டு இங்கே வீண். நொடிக்கு 10 எம்பி எழுதும் கிளாஸ் 10 தாராளம்.

போலிக் கார்டு விஷயத்தில்தான் எச்சரிக்கை தேவை. சில நூறு ரூபாய்க்கு 512 ஜிபி, 1 டிபி என்று விற்பவற்றில் உள்ளே இருப்பது 8 அல்லது 16 ஜிபியாக இருக்கலாம். கார்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு பொய்க் கொள்ளளவைச் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். நகலெடுக்கும்போது ஒரு பிழையும் வராது. கோப்புப் பெயரெல்லாம் வரிசையாகத் தெரியும். ஆனால் உண்மைக் கொள்ளளவைத் தாண்டிய பாடல்கள் பாதியில் நின்றுபோகும், அல்லது திறக்கவே திறக்காது. கார்டு கைக்கு வந்ததும், பாட்டு ஏற்றும் முன்னரே, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 கொண்டு முழுக் கார்டையும் எழுதிப் படித்துப் பாருங்கள். 128 ஜிபி கார்டில் நொடிக்கு 15 எம்பி வேகத்தில் எழுத மட்டுமே இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

4. அளவு: எதனால் பெரிதாகிறது?

2001-இல் வந்த முதல் ஐபாட் 5 ஜிபி கொண்டது. எடை சுமார் 185 கிராம். உள்ளே 1.8 அங்குல ஹார்டு டிஸ்க் சுழன்றுகொண்டிருந்தது. அன்றைக்குக் கொள்ளளவுதான் அளவைத் தீர்மானித்தது. 2005-இல் ஐபாட் ஷஃபிளும் நானோவும் ஃபிளாஷ் நினைவகத்தோடு வந்தபோது அந்தக் கட்டு அறுந்தது. இன்று மைக்ரோ எஸ்டி கார்டு 15 மில்லிமீட்டருக்கு 11 மில்லிமீட்டர், விரல் நகம் அளவு. 8 ஜிபியானாலும் 512 ஆனாலும் அதே உருவம்.

இப்போது அளவைக் கூட்டுபவை பேட்டரியும் திரையும். ஒரு கணக்கு: 300 எம்ஏஎச் பேட்டரி, பாடும்போது 25 மில்லிஆம்பியர் எடுக்கும் பிளேயர் என்றால் 12 மணி நேரம். புளூடூத்தை இயக்கினாலோ திரையை அடிக்கடி எழுப்பினாலோ இது சரசரவென்று குறையும். பெட்டியில் போட்டிருக்கும் மணி நேரம் பெரும்பாலும் திரையை அணைத்து, ஒலியைக் குறைத்து, எம்பி3 ஓடவிட்டு அளந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கை எதிர்பார்த்தால் ஏமாற்றம் இருக்காது.

எவ்வளவு சிறிது வேண்டும் என்பது எங்கே கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஓட்டத்துக்கும் நடைக்கும் சட்டையில் கவ்வும் கிளிப் வகை சிறந்தது. 30, 40 கிராமுக்கு மேல் போனால் கழுத்துப் பட்டியை இழுக்கும். ரயிலில் கேட்பவருக்குக் கால்சட்டைப் பையில் அடங்கினால் போதும். ஆனால் பார்க்காமலேயே அழுத்தக்கூடிய பொத்தான் பக்கவாட்டில் இருக்க வேண்டும். தொடுதிரை மட்டுமே உள்ளதில் ஒவ்வொரு பாட்டு மாற்றத்துக்கும் வெளியே எடுத்து, திரையை எழுப்பி, பார்த்துத் தொட வேண்டியிருக்கும். வயதானவர்களுக்கு வாங்குகிறீர்கள் என்றால் மிகச் சிறியதை வாங்கவே வேண்டாம். ஒன்றரை அங்குலத் திரையில் பாட்டுப் பெயரைப் படிப்பது அவர்களுக்குப் பெரும் பாடு. கார்வான் போல 5,000 பாடல்கள் ஏற்றியே வரும், குமிழ் திருகும் பெட்டி அவர்களுக்குப் பொருத்தம். பையில் அடங்காது, ஆனால் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

5. விலை எதை வாங்கித் தருகிறது?

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பெயரில்லாத கிளிப் பிளேயர்களில் பெரும்பாலும் திரை இருக்காது. எம்பி3 தவிர வேறு வடிவம் பாடுவது அரிது. பேட்டரி மூன்று, நான்கு மணி நேரம். தினமும் ஒரே தொகுப்பைக் கேட்க இது போதும் என்றால் தாராளமாக வாங்கலாம். சில ஆயிரங்களில் திரை, ஃபோல்டர் வசதி, புளூடூத் வரும். ஒலித்தரம் மாடலுக்கு மாடல் மாறும். பத்தாயிரத்தை ஒட்டி வந்தால் இசைக்கென்றே செய்த பிளேயர்கள் கிடைக்கும்: நல்ல ஒலிச் சில்லு, ஃபிளாக், எக்ஸ்ஃபேட் கார்டு, எல்டிஏசி. நம் பார்வையில் கொடுத்த காசுக்கு அதிகம் கிடைப்பது இந்தப் படியில்தான். அதற்கு மேல் போகும் பணம் பெரும்பாலும் ஆண்ட்ராய்டுக்கும், பெரிய திரைக்கும், பெரிய ஹெட்போனை இயக்கும் சக்திக்கும் போகிறது. பத்தாயிரம் ரூபாய் பிளேயரும் முந்நூறு ரூபாய் இயர்போனும் என்று வாங்குவது வீண். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்காவது இயர்போனுக்கு ஒதுக்குங்கள்.

வீட்டில் பழைய போன் ஒன்று சும்மா கிடக்கிறதா? 3.5 மில்லிமீட்டர் துளை, கார்டுத் துளை, உப்பாத பேட்டரி மூன்றும் அதில் இருந்தால் சிம்மைக் கழற்றி ஏரோபிளேன் மோடில் போடுங்கள். செலவில்லாத பிளேயர் தயார். பை கனக்காமல் இருக்க வேண்டும், பொத்தான் வேண்டும் என்றால் மட்டுமே புதிதாக வாங்குங்கள்.

6. சோதனைக் கார்டு ஒன்று தயார் செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். நீங்கள் பயன்படுத்தப் போகும் அதே கொள்ளளவுக் கார்டில் ஐந்து விஷயங்களை ஏற்றிக்கொண்டு, சொந்த இயர்போனோடு கடைக்குப் போங்கள். இணையத்தில் வாங்கினால் பெட்டி பிரித்த அன்றே செய்யுங்கள்.

முதலாவது, கோப்புப் பெயரும் உள்விவரமும் தமிழில் உள்ள ஒரு பாட்டு. "கொடி", "கேணி" போன்ற சொல் பெயரில் இருக்கட்டும். பிளேயரில் தமிழ் எழுத்துருவே இல்லையென்றால் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்துரு இருந்தும் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் நிரல் இல்லையென்றால் கொம்பு இடம் மாறும்: "கே" என்பதில் ககரம் முதலிலும் கொம்பு அதற்குப் பின்னாலும் நிற்கும். இதைப் பின்னால் சரிசெய்ய வழியில்லை. அந்தப் பிளேயரையே வாங்குவதென்றால் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைக்க வேண்டியதுதான். தமிழுக்குப் பதில் கேள்விக்குறியோ புரியாத லத்தீன் எழுத்துகளோ வந்தால் அது வேறு கோளாறு, திருத்தக்கூடியது. எம்பி3டேக் மென்பொருளில் உள்விவரத்தின் வடிவத்தை ஐடி3 பதிப்பு 2.3, எழுத்துக் குறியீட்டை யுடிஎஃப்-16 என்று அமைத்துச் சேமித்தால் பெரும்பாலும் சரியாகும்.

இரண்டாவது, இரண்டரை மணி நேரக் கச்சேரி, ஒரே கோப்பாக. நடுவில், ஒரு மணி நாற்பதாவது நிமிடத்துக்கு ஓட்டிப் பாருங்கள். பொத்தானை அழுத்தி வைத்தால் வேகம் கூடுகிறதா, அல்லது பத்துப் பத்து நொடியாகவே நகர்கிறதா? பிறகு அணைத்து, மறுபடி இயக்குங்கள். விட்ட இடத்தில் தொடங்க வேண்டும். தொடங்காத பிளேயர் கச்சேரி ரசிகருக்கு உதவாது.

மூன்றாவது, இடைவெளியே இல்லாமல் தொடரும் இரண்டு கோப்புகள். ராகம், தானம், பல்லவி என்று தனித்தனியாக வெட்டிய பதிவு இதற்குக் கச்சிதம். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது தம்புரா ஒலி அரை நொடி அறுந்தால் காது உடனே கண்டுபிடிக்கும். எம்பி3-இல் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு மௌனம் சேர்வது இயல்பு. நல்ல பிளேயர் அதை வெட்டிவிட்டு ஒட்டும்.

நான்காவது, 1 முதல் 12 வரை எண்ணிட்ட பாடல்கள் உள்ள ஒரு ஃபோல்டர். 1, 10, 11, 12, 2 என்று ஓடினால் பெயரின் முன்னால் 01, 02 என்று சுழியம் சேர்த்தால் தீர்ந்தது. எந்த ஒழுங்கும் இல்லாமல் ஓடினால் அது நகலெடுத்த வரிசையில் படிக்கும் பிளேயர். கார்டைக் காலிசெய்து வரிசையாக ஏற்ற வேண்டும், அல்லது ஃபேட் அட்டவணையை, அதாவது கார்டின் கோப்புப் பட்டியலை, அடுக்கும் சிறு மென்பொருளை ஓட்ட வேண்டும்.

ஐந்தாவது, ஒரு நிமிட மௌனம் மட்டும் உள்ள கோப்பு. அதை ஓடவிட்டால் "ஸ்ஸ்" கேட்கிறதா என்று பாருங்கள். காதுக்குள் அடைக்கும் நுண்ணிய இயர்போனில்தான் இது தெரியும். கூடவே ஒரு பாட்டை ஓடவிட்டு, ஒலியை முதல் படி வரை குறைத்துப் பாருங்கள். மலிவான சிலவற்றில் முதல் படியே இரவு அமைதிக்கு அதிகச் சத்தமாக இருக்கும்.

7. வீட்டுக்கு வந்த பிறகு

பாட்டை பிளேயரின் கேபிள் வழியாக ஏற்றாமல் கார்டைக் கழற்றி ரீடரில் ஏற்றுங்கள். வேகம் பல மடங்கு. அட்டைப் படங்களைக் கவனியுங்கள்: ஒவ்வொரு பாட்டிலும் 1 எம்பி படம் புதைந்திருந்தால் 3,000 பாட்டுக்கு 3 ஜிபி படத்துக்கே போய்விடும், பட்டியல் நகர்வதும் மந்தமாகும். 500க்கு 500 பிக்சல் ஜேபெக் போதும். படம் தெரியவே இல்லையென்றால் அது புரோகிரசிவ் வகை ஜேபெக்காக இருக்கலாம். சாதாரண ஜேபெக்காகச் சேமித்து மறுபடி பதியுங்கள். மேக்கிலிருந்து ஏற்றினால் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த போலிக் கோப்புகள் கார்டில் சேர்ந்துவிடும். பிளேயர் அவற்றையும் பாட்டென்று நினைத்துத் திணறும். அழித்துவிடுங்கள்.

சார்ஜ் ஏறவில்லை என்று பதறும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். டைப்-சி துளை வைத்த மலிவான பிளேயர்கள் பலவற்றில் 5.1 கிலோ ஓம் மின்தடை இரண்டைப் பொருத்தாமல் விட்டிருப்பார்கள். அவை இல்லாவிட்டால், இருமுனையும் டைப்-சியான கேபிளில் சார்ஜர் மின்சாரமே அனுப்பாது. ஒரு முனை பழைய அகன்ற யூஎஸ்பியாக உள்ள கேபிளைச் செருகினால் ஏறத் தொடங்கும். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதென்றால் பேட்டரியைப் பாதி அளவில் நிறுத்தி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றி வையுங்கள். முழுக்க வற்றிப்போன சிறு லித்தியம் பேட்டரி பல நேரம் மீளாது. பின்மூடி லேசாகப் புடைத்திருப்பது தெரிந்தால் அதன் பிறகு சார்ஜ் போடவே கூடாது.

கார்டில் ஏற்றிய அத்தனையும் கணினியிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ அப்படியே இன்னொரு பிரதி இருக்கட்டும், அதே ஃபோல்டர் வரிசையில். கார்டு திடீரென்று படிக்காமல் போனால் புதுக் கார்டைச் சோதித்து, அந்த ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டால் ஒரே மாலையில் பழையபடி ஆகிவிடும்.